மூக்காண்டி அடித்த கோல்

மூக்காண்டி செத்துப்போன சேதி வந்தபோது கோமதிநாயகம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, கரிவலம்வந்தநல்லூர் நஞ்சை ஒன்றுக்குக் கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஹாக்கி மூக்காண்டி போயிட்டாராம் அண்ணாச்சி. மதுரை ஆசுபத்திரியில வச்சு. மஞ்சக்காமாலை. மத்தியானம் இங்க கொண்டு வாராவளாம்."

கோமதிநாயகம் தலையைத் தூக்கவில்லை. வடக்கு எல்லையை எழுதி முடித்துப் புள்ளி வைத்தார். எதிரே குத்தவைத்திருந்த ஆளைப் பார்த்து, "தெக்க யாரு நிலம்? சொல்லும்" என்றார்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆவணி மாதம் அது. அன்றைக்கு ஊரில் பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. தறிச் சத்தம் கேட்கவில்லை. பிணத்தின் நெஞ்சின் மேல் ஹாக்கி மட்டையை வைத்து, ரதவீதி முழுக்கச் சுற்றித் தூக்கிப் போனார்கள். கூட்டம் கொட்டகையைக் கடந்தபோது மற்றப் பத்திர எழுத்தர்கள் எழுந்து நின்றார்கள். கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை. அதைப் பல பேர் பார்த்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி முப்பிடாதியம்மாள், "ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன?" என்றாள்.

"எனக்கும் அவனுக்கும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா இருபத்தஞ்சு வருசமா அவன் பேரைச் சொன்னாலே பாதிச் சோத்துல எந்திரிக்கிய?"

அவர் முன்பல் இரண்டு இல்லாத வாயை மூடிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ஐம்பத்தேழாம் வருஷம் வைகாசியில் நடந்த ஆட்டம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தாலுகாக் கோப்பைக்கான இறுதிப் போட்டி. ஒரு பக்கம் மூக்காண்டி ஆடிய உள்ளூர் அணி, சங்கரன்கோவில் யுனைடெட். எதிரே இளையரசனேந்தல் ஜாலி பிரண்ட்ஸ். மூக்காண்டிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தறிக்காரர் வீட்டுப் பையன், ஒல்லியான உடம்பு, நீளமான கை. பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்வார்கள். அது மிகையில்லை. கோமதிநாயகமே எத்தனையோ ஆட்டத்தில் அம்பயராகப் பக்கத்தில் ஓடிக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறார். அவன் ஆடுகிற ஆட்டத்துக்கு விசில் ஊதப் போவதென்றால் அந்தக் காலத்தில் அவருக்கு முந்தின நாளே உடுப்பில் கவனம் போய்விடும். வெள்ளைக் கால்சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார்.

ஹாக்கியில் இரண்டு அம்பயர்கள் உண்டு. மைதானத்தில் ஆளுக்குப் பாதி. அன்றைக்கு இளையரசனேந்தல் கோல் இருந்த பாதி கோமதிநாயகத்துடையது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்தார்கள். நடுக்கோட்டில் பந்தை எடுத்த மூக்காண்டி மூன்று பேரைக் கடந்து வந்தான். கோல் போஸ்டைச் சுற்றி அரைவட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். ஆட்டக்காரர்கள் அதை 'டி' என்பார்கள். டிக்கு வெளியிலிருந்து அடித்தால் பந்து உள்ளே போனாலும் கோல் இல்லை. ஆனால் அந்தக் கோடும் டியைச் சேர்ந்ததுதான். கோட்டில் இருக்கிற பந்தை அடித்தால் கோல் செல்லும்.

மூக்காண்டி அடித்தது கோட்டில் இருந்த பந்தை. ஏழெட்டு அடி தூரத்தில் நின்று கோமதிநாயகம் பார்த்தார். மட்டை பந்தில் பட்ட அதே நொடியில் கோட்டிலிருந்து சுண்ணாம்பு வெள்ளையாகப் புகைந்து எழுந்தது. காலை விரித்து நின்ற கோல் கீப்பர் தங்கசாமி குனிவதற்குள் பந்து பின்பலகையில் போய் மோதியது. கோமதிநாயகம் விசிலை நீளமாக ஊதி நடுமைதானத்தைக் காட்டினார். உடனே குனிந்து கோட்டைப் பார்த்தார். மட்டை கீறிய இடத்தில் சுண்ணாம்பு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து கிடந்தது. அதை யாருக்காவது காட்டுவதற்குள் கூட்டம் மைதானத்தில் இறங்கிக் கோட்டையே மிதித்து அழித்துவிட்டது.

அன்று சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போனவரை ரயில்வே கேட் பக்கத்தில் மூன்று பேர் மறித்தார்கள். முன்னால் நின்றவன் தங்கசாமி. "உள்ளூர்க்காரன்னு ஊதிட்டியால?" என்று கேட்டுக்கொண்டே ஹாக்கி மட்டையாலேயே அடித்தான். இரண்டு பல் போயிற்று. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆட்டத்தில் சூடு இருக்கும், போகட்டும் என்று போலீசுக்குப் போகவில்லை.

பொறுக்க முடியாதது பின்னால் வந்தது. தோற்றவர்கள் மனு கொடுக்க, போட்டி நடத்திய கமிட்டி விசாரணை வைத்தது. கட்டுப் போட்ட தோளோடு கோமதிநாயகம் போனார். கோல் அடித்தவனையே சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எங்கிருந்து அடித்தாய் என்று கேட்டார்கள். மூக்காண்டி அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நான் பந்தைத்தான் சார் பாத்தேன். கோட்டைப் பாக்கல."

கோப்பை சங்கரன்கோவிலுக்கே என்று கமிட்டி எழுதியது. அம்பயரின் நடத்தை சந்தேகத்துக்கு இடமளிப்பதால் இனி அவரை ஆட்டங்களுக்கு அழைப்பதில்லை என்றும் சேர்த்து எழுதியது. கோமதிநாயகம் அதற்குப் பிறகு விசில் ஊதவில்லை. மூக்காண்டி அடுத்த மாதமே மதுரைப் பக்கம் ஒரு மில் டீமில் சேர்ந்தான். மாகாண அணிக்கு ஆடினான். இந்திய அணிக்கு ஆள் எடுக்கிற முகாம் வரை போய்வந்தான். தினசரிகளில் அவன் படம் வந்தது.

ஊர்க்காரர்கள் கோமதிநாயகத்தை ஒதுக்கவில்லை. கொண்டாடினார்கள். அதுதான் அவருக்குக் கொடுமையாக இருந்தது. "நம்ம அண்ணாச்சி ஊரு மானத்தைக் காப்பாத்தினவருல்லா" என்று டீக்கடையில் கண்ணைச் சிமிட்டினார்கள். வெளியிலிருந்து அடித்ததை உள்ளே என்று ஊதியவர் என்பதுதான் ஊருக்குள் அவருக்கு இருந்த பெயர். பத்திரம் எழுத வந்தவர்கள், "எல்லையை ஒரு முழம் அங்கன தள்ளி எழுதுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்கள். அப்படிக் கேட்டவர்களை எழுப்பித் துரத்தியிருக்கிறார். கோபக்காரர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

மூக்காண்டி ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கோல் கதையை ஆட்கள் சூழ்ந்து நின்று கேட்பார்கள். வருஷத்துக்கு வருஷம் தூரம் கூடிக்கொண்டே போயிற்று. டிக்கு வெளியே இரண்டு எட்டு என்றார்கள், பிறகு ஐந்து எட்டு. கடைசியில் இருபத்தைந்து கெஜக் கோட்டில் நின்று அடித்தான் என்று ஆகிவிட்டது. அதை மூக்காண்டியே தன் வாயால் சொன்னான். ஒரு தபசுக்கு, சலூன் வாசலில் அவன் சொல்லிக்கொண்டிருந்ததைக் கோமதிநாயகம் உள்ளே நாற்காலியில் பாதி சவரத்தோடு உட்கார்ந்து கேட்டார். அன்றோடு அவர் மனதில் அவனுக்குக் கருமாதி முடிந்துவிட்டது.

மார்கழி மாதம் மாணிக்கராஜ் அவர் வீட்டுக்கு வந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, யுனைடெட் கிளப்புக்குச் செயலாளர். அந்த ஆட்டம் நடந்தபோது அவன் கைக்குழந்தை. நோட்டீஸ் ஒன்றைப் பணிவாக நீட்டினான். தை மாதம் மூக்காண்டி நினைவுக் கோப்பைப் போட்டி. முதல் நாள் மைதானத்தில் நினைவுக்கல் திறப்பு. 'இருபத்தைந்து கெஜத்திலிருந்து இடியென இறங்கிய கோல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர்களில் முதல் பெயர் இளையரசனேந்தல் தங்கசாமி. இரண்டாவது பெயர், 'கோல் வழங்கிய நடுவர் கோமதிநாயகம்'.

அவர் இரண்டு தரம் படித்தார்.

"கல்லு எங்க வச்சிருக்கிய?"

"இருபத்தஞ்சு கெஜக் கோட்டுல அண்ணாச்சி. நல்ல கருங்கல்லு. தளவாய்புரத்து ஆளு வெட்டுனது."

"நீ ஹாக்கி ஆடுதவன்தானே? அங்கனருந்து அடிச்சா அது கோலா?"

மாணிக்கராஜ் சங்கடமாகச் சிரித்தான். "அதெல்லாம் இப்ப யாரு பாக்கப் போறா? நீங்க அன்னைக்கு ஊருக்காகச் செஞ்ச உதவியை நாங்க மறக்கலன்னு காட்டத்தான் உங்க பேரைப் போட்டிருக்கோம்."

"என்ன உதவி?"

"அதான் அண்ணாச்சி..."

"வாயத் தொறந்து சொல்லு. என்ன உதவி செஞ்சேன்?"

கோமதிநாயகம் நோட்டீசை நாலாகக் கிழித்து அவன் சட்டைப்பையில் வைத்தார்.

"இதுவரைக்கும் வாயில சொன்னிய. இப்பம் கல்லுல வெட்டுதிய. நான் திருடன்னு கல்லுல வெட்டி, அதுக்கு என்னையே மாலையோட கூப்பிடுதிய. கல்லை எடுத்துரு. இல்லன்னா அம்பயர் கள்ளன்னும் அதுலயே வெட்டிரு. போ."

மூக்காண்டியின் மனைவி முருகம்மாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்தாள். மறுநாள் காலையில் அவர் அங்கே போனார். மகளோடு வெயிலில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், வாங்க என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"எழவுக்கு வராதவிய இப்பம் என்னத்துக்கு வந்திய?"

"கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உன் வீட்டுக்காரன் அந்தக் கோலை எங்க நின்னு அடிச்சேன்னு உங்கிட்ட சொன்னான்?"

"ஊருக்கே தெரியும்."

"ஊரை விடு. வீட்டுல என்ன சொன்னான்?"

முருகம்மாள் கையிலிருந்த மோர்மிளகாயைப் பாயில் பரப்பிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணில் சிநேகம் துளியும் இல்லை.

"கோட்டுலதான்னு சொன்னாவ. கல்யாணம் ஆன புதுசுல ஊருக்குள்ளயும் அப்பிடித்தான் சொல்லிட்டு அலைஞ்சாவ. ஒருத்தன் நம்பல. 'அண்ணாச்சி ஊதிட்டாரு, அதோட விடும்'னு சிரிச்சானுவ. சிரிச்சுச் சிரிச்சு அவியளுக்கு வெறுத்துப்போச்சு. ஒரு நாளு, 'வெளியன்னா வெளியிலன்னே வச்சுக்கோங்கல, இருபத்தஞ்சு கெஜம்னு வச்சுக்கோங்க'ன்னுட்டு வந்து படுத்துட்டாவ. பொறவு அதையே சொன்னாவ."

"விசாரணையில கேட்டப்போ அந்தக் கோடு எங்க போச்சு?"

"மில்லு டீமுக்கு ஆள் எடுத்த மேனேஜருக்கு எளரசனேந்தல்ல பொண்ணு எடுத்திருந்துது. உங்க பக்கம் பேசுனா வேலை கிடைக்காதுன்னு சொல்லிட்டாவ. அவிய பயந்தாவ. போதுமா?"

"எனக்கு ரெண்டு பல்லு போச்சு. கௌரவம் போச்சு."

"உங்களுக்குச் சோத்துக்கு வேற தொழில் இருந்துச்சு. அவியளுக்கு மட்டை மட்டுந்தான் இருந்துச்சு." அவள் குரல் உயரவில்லை. "செத்தவியளைக் கூப்பிட்டா கேக்கப் போறிய? போங்க. கல்லுத் திறப்பன்னைக்கு வந்து என் மக முன்னால அசிங்கப்படுத்திராதிய."

கோமதிநாயகம் திரும்பி நடந்தார். பயந்தான் என்று இருபத்தைந்து வருஷமாக அவர் சந்தேகப்பட்டதை அவளே சொல்லிவிட்டாள். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. கோட்டில்தான் என்று அவன் ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான் என்பது புதிது. அது எந்தப் பக்கம் சேரும் என்று தெரியாமல், இன்னும் எரிச்சலோடு வீட்டுக்குப் போனார்.

விழாவுக்குப் போவதில்லை என்றுதான் இருந்தார். தை மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, நிலம் அளக்கிற நூறடி டேப்பை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மைதானத்தில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மேடையில் ஐம்பத்தேழில் வாங்கிய கோப்பையைப் புளி போட்டு விளக்கி மேசையில் வைத்திருந்தார்கள். காட்சி ஆட்டத்துக்கு வந்திருந்த இளையரசனேந்தல் இளவட்டங்கள் ஒரு பக்கம் மட்டையோடு நின்றார்கள். கோமதிநாயகத்தைப் பார்த்ததும் மாணிக்கராஜ் ஓடிவந்து நாற்காலி போட்டான். பக்கத்து நாற்காலியில் தங்கசாமி. மீசை நரைத்து, தொந்தி விழுந்து, தோளில் ஜரிகைத் துண்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முன்வரிசையில் முருகம்மாள் மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

கல்லை மூடியிருந்த துண்டை விலக்கினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் தங்கசாமி மேடையிலிருந்து இறங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"இவ்விடத்திலிருந்து, அதாவது இருபத்தைந்து கெஜத்திலிருந்து... எல்லாரும் கேட்டியளா? டிக்கு வெளிய. சங்கரன்கோவில்காரவளே கல்லுல வெட்டிட்டாவ. இருபத்தஞ்சு வருசமா நாங்க இதைத்தான் சொல்லிட்டிருந்தோம். அப்பம் அது கோல் இல்ல. ஆட்டம் ஒண்ணுக்கு ஒண்ணு. கப்புல பாதி எங்களுக்கு. இத்தனை வருசம் நீங்க வச்சிருந்தாச்சு. மிச்சக் காலம் எங்ககிட்ட இருக்கட்டும். ஏலே, எடுங்கல."

இளையரசனேந்தல் பையன்கள் நாலு பேர் மேடையில் ஏறிவிட்டார்கள். ஒருத்தன் கோப்பையின் ஒரு காதைப் பிடித்தான். கிளப் ஆள் இன்னொரு காதைப் பிடித்தான். நாற்காலி சரிந்தது. கூட்டம் முன்னால் நெருக்கியது. மாணிக்கராஜ் வெளிறிப்போன முகத்தோடு கோமதிநாயகத்தின் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. உள்ளதான்னு மைக்குல சொல்லுங்க."

"நேத்து வரைக்கும் வெளியன்னுதானே சொன்னிய?"

"இப்பம் மானம் போகுது அண்ணாச்சி."

"யாரு மானம்?" என்றார் கோமதிநாயகம். ஆனாலும் எழுந்து மைக்கைப் பிடித்தார். டேப்பைத் தூக்கிக் காட்டினார்.

"கல்லு இருக்கது தப்பான இடம். அவன் அடிச்சது அங்கனருந்து இல்ல. டி கோட்டுலருந்து. நான் நின்ன இடத்துலருந்து ஏழடி. மட்டை பட்டதும் சுண்ணாம்பு எந்திரிச்சது. நான் பாத்தேன். எடம் காட்டச் சொன்னா இப்பமும் காட்டுவேன். நான் ஊருக்காக ஊதல. என் அப்பன் எதிர்ப்பக்கம் ஆடியிருந்தாலும் ஊதியிருப்பேன். கள்ளக் கோலுன்னு சொன்னது எளரசனேந்தல்காரன் மட்டும் இல்ல. நீங்களும்தான். அவன் சொன்னது வயித்தெரிச்சல். நீங்க சொன்னது சிரிச்சுக்கிட்டே."

கூட்டம் கொஞ்சம் அமைதியானது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

"மூக்காண்டியைப் பத்திப் பேசத்தான கூப்பிட்டிய. சொல்லுதேன். அவன மாதிரி பந்து கொண்டுபோறவனை நான் பாத்ததில்ல. அந்தக் கோலு அவன் கோலு, சுத்தமான கோலு. ஆனா விசாரணையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பேரு கெட்டிருக்காது. சொல்லல. பயந்துட்டான். அதையும் இந்தக் கல்லுல வெட்டுங்க."

ஒரு மண்ணாங்கட்டி பறந்து வந்து அவர் தோளில் விழுந்து உடைந்தது. "செத்தவரைப் பயந்தாங்கொள்ளிங்கியா" என்று ஒருத்தன் கத்தினான். சற்று முன்னால் இளையரசனேந்தல்காரர்களை அடிக்கக் கை ஓங்கியவர்களே இப்போது மேடைப் பக்கம் திரும்பினார்கள். மைக்கைப் பிடுங்கினார்கள். யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் டேப் கீழே விழுந்து அவிழ்ந்து ஓடியது. ஒருத்தன் முருகம்மாளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, அவரு பயந்தவரா?" என்று கேட்டான்.

முருகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கோமதிநாயகம் மேடையிலிருந்து அவளையே பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

போலீஸ்காரர்கள் வந்து லத்தியை வீசியபோது இரண்டு ஊர்ப் பையன்களும் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கவில்லை. ஏட்டையா கோப்பையைப் பறித்து ஜீப்பில் வைத்துக் கொண்டுபோனார். கோமதிநாயகம் கிழிந்த சட்டையோடு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு, கூட்டம் வைத வசவுகளுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த ஒரு வாரம் அவரிடம் பத்திரம் எழுத யாரும் வரவில்லை. டீக்கடைக்காரர் கொட்டகைக்கு டீ கொடுத்தனுப்பவில்லை. வேண்டுமானால் வந்து குடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார்.

எட்டாம் நாள் முருகம்மாள் கிளப்புக்குப் போனாள். இதைக் கோமதிநாயகம் பின்னால்தான் கேள்விப்பட்டார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களின் பலகைக்கு எதிரே போய் நின்று மாணிக்கராஜிடம், "கல்லைப் பேத்து எடுங்க. அண்ணாச்சி காட்டுத இடத்துல வையுங்க. இல்லன்னா என் வீட்டுக்காரவிய பேரை அதுலருந்து சுரண்டிருங்க" என்றாளாம். அவன் சமாதானம் சொல்லப் பார்த்திருக்கிறான். "கப்புக்காவ உள்ளன்னு சொல்லுதிய. கதைக்காவ வெளியன்னு சொல்லுதிய. அவிய உசுரோட இருக்கும்போது கோட்டுலன்னு சொன்னதுக்கு நீங்கதான சிரிச்சிய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாளாம்.

மறுநாள் மாணிக்கராஜ் கொட்டகைக்கு வந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவரைக் கூப்பிட்டான். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். கோல் போஸ்டிலிருந்து டேப் பிடித்து, காலால் மண்ணைக் கீறி இடத்தைக் காட்டினார். கல்லை அங்கே கொண்டுவந்து, ஆடுகிறவர்கள் காலில் இடிக்காதபடி தரையோடு தரையாகப் பதித்தார்கள். 'இருபத்தைந்து கெஜத்திலிருந்து' என்ற எழுத்தை உளியால் கொத்தினார்கள். அந்த இடம் அம்மைத் தழும்பு மாதிரி ஆயிற்று. முருகம்மாள் வரவில்லை. அவரிடம் அவள் அதற்குப் பிறகும் பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

கோப்பை மட்டும் ஸ்டேஷனிலேயே இருந்தது. இரண்டு ஊரும் மனு கொடுத்திருந்தன. மாசி மாதம் இன்ஸ்பெக்டர் கோமதிநாயகத்தையும் தங்கசாமியையும் வரச் சொன்னார். சின்ன வயசுக்காரர், கிரிக்கெட் பிரியர். எழுத்தர் மேசையில் கோப்பைக்குள் பேனாக்களும் ஒரு பனையோலை விசிறியும் செருகியிருந்தன.

"பந்து உள்ளேயா வெளியேயா? அதைச் சொல்லுங்க, முடிச்சுவிடுவோம்."

"கோட்டுல," என்றார் கோமதிநாயகம். "கோடு உள்ள சேத்தி."

"நீங்க?"

தங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார். "வெளிய சார். இருபத்தஞ்சு கெஜம். கல்லுலயே வெட்டியிருந்தாவ. பொறவு கொத்திட்டாவ."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். இரண்டு ஊரும் சமாதானமாகி ஒரே மனுவாகக் கொடுக்கும்வரை கோப்பை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் தங்கசாமி நின்று பீடி பற்றவைத்தார். கோமதிநாயகம் அவரைத் தாண்டிப் போகப் போனார்.

"ஓய். நில்லும்."

அவர் நின்றார். இருபத்தைந்து வருஷத்தில் தங்கசாமி அவரோடு பேசிய முதல் பேச்சு.

"சுண்ணாம்பு எந்திரிச்சதுன்னு மைக்குல சொன்னீரே. நானும் பாத்தேன்."

கோமதிநாயகத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"எதைப் பாத்தீரு?"

"சுண்ணாம்பைத்தான். எனக்கு நேரா எதுக்க. பந்து தெரியறதுக்கு முந்தியே அதுதான் தெரிஞ்சுது. உள்ளதான்வே."

"பின்ன எதுக்குய்யா என்னை அடிச்சீரு?"

தங்கசாமி புகையை விட்டார். "பந்து என் ரெண்டு காலுக்கு நடுவுல போச்சு. ஊருசனம் அத்தனையும் பாத்துட்டு நிக்கி. நல்ல கோலுன்னா நான் விட்ட கோலு. கள்ளக் கோலுன்னாத்தான் நான் ஊருக்குள்ள போவ முடியும். உம்ம ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போனேன். என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனானுவ."

கோமதிநாயகத்துக்கு அந்தக் கழுத்தைப் பிடித்துவிடலாம் போல இருந்தது. இத்தனை வருஷமும் இவனைப் பொறுத்துக்கொண்டு, செத்துப்போனவனையே வெறுத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஆட்டத்தின் சூட்டில் அடித்தவன் என்று இவனுக்காகப் போலீசுக்குப் போகாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது.

"உள்ள வாரும். இன்ஸ்பெக்டர்கிட்ட இதைச் சொல்லும். ரெண்டு வரி எழுதிக் குடும்."

"மாட்டேன்."

"இப்பம் எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொன்னீரு?"

"அன்னைக்கு மண்ணாங்கட்டி எறிஞ்சானுவல்லா. உம்ம ஊர்க்காரனுவளே. பாக்கப் பாவமா இருந்துது." பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஊர்ல நான் தலைவரு. பேரன் ஹாக்கி ஆடுதான். சொல்ல முடியாது. நீரு சொல்லிப் பாரும், எவன் நம்புதான்னு பாப்போம்."

கோவில்பட்டி பஸ் வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கசாமி கையைக் காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

கோமதிநாயகம் புழுதி அடங்குகிறவரை அங்கேயே நின்றார். கோட்டில்தான் என்று சொல்லித் திரிந்து, சிரிப்பை வாங்கிக்கொண்டு வீட்டில் போய்ப் படுத்த மூக்காண்டியை நினைத்தார். அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. விசாரணையன்று அவன் பார்க்காத முகம் இன்னும் அவருடைய முகம்தான். ஆனாலும் அந்தக் கோபத்தில் முன்பிருந்த பலம் இல்லை.

நேரே கொட்டகைக்குப் போனார். பெட்டியைத் திறந்து ஒரு முழு வெள்ளைத்தாளை எடுத்தார். தேதி போட்டார். ஐம்பத்தேழாம் வருஷத்து ஆட்டத்தில் மூக்காண்டி அடித்த கோல் டி கோட்டிலிருந்து அடிக்கப்பட்டது என்பதையும், அதை எதிர்த் தரப்புக் கோல் கீப்பர் தங்கசாமி இன்ன தேதியில் இன்ன இடத்தில் தம்மிடம் ஒப்புக்கொண்டார் என்பதையும், பத்திரம் எழுதுகிற கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு திரும்ப ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தரிடம் நீட்டினார்.

எழுத்தர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இதுக்குச் சாட்சி?"

"இல்ல."

"நீங்களே பத்திரம் எழுதுதவரு. சாட்சி இல்லாம இது எதுக்கு ஆகும்?"

"சாட்சி ரெண்டு பேருதான். ஒருத்தன் செத்துட்டான். ஒருத்தன் பஸ் ஏறிட்டான்," என்றார் கோமதிநாயகம். "நீங்க பதிஞ்சு வையுங்க."

எழுத்தர் 'பெறப்பட்டது' முத்திரையை எடுத்து, ஊதி ஈரமாக்கி, தாளின் மூலையில் குத்தினார்.